இயந்திரம் ஓடுகிறது, சரியாக ஓடுகிறதா?

பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று செய்தி வந்ததும் எல்லோரும் கேட்பது எத்தனை பேர் என்பதைத்தான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் 14 பேர். பிறகு உரிமம், உள்குத்தகை, ஓர் அறைக்கு எத்தனை ஆள், மருந்துக் கலவையில் என்ன தவறு என்று விவாதம் நடக்கிறது. அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவரைக் கட்டிலில் கிடத்திய பிறகு அவரைச் சுற்றி ஓடுகிற கருவிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்தக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் டெக்னீஷியனுக்கு அந்த வேலை உண்மையிலேயே தெரியுமா என்பதை எப்படிச் சோதிக்கிறோம்?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தை வெளியூர்க்காரர்களுக்கு டான்செம் சிமென்ட் ஆலையை வைத்துத் தெரியும். சுற்றிலும் பட்டாசு ஆலைகள் உள்ள வட்டாரம் அது. இங்கே தீக்காயம் பட்டவர்களுக்கு முதலில் கிடைப்பது அருகிலுள்ள அரசு மருத்துவமனை. அடுத்து சிவகாசி அல்லது விருதுநகர். உடலில் பெரும்பகுதி வெந்திருந்தால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். இந்தப் பாதையின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மானிட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், வெண்டிலேட்டர், சக்ஷன், ஆட்டோகிளேவ் என்று இயந்திரங்கள் இருக்கின்றன. அவை ஓடுகின்றனவா என்பதைக் கணக்கெடுக்க நம்மிடம் நல்ல ஏற்பாடுகள் உண்டு. சரியாக ஓடுகின்றனவா என்று சொல்லத் தெரிந்த ஆளை உருவாக்குவதிலும், அவரைச் சோதித்தறிவதிலும்தான் பலவீனமாக இருக்கிறோம்.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடலில் 40 சதவீதம் தீக்காயம் என்று வைத்துக்கொள்வோம். பார்க்லாந்து சூத்திரத்தின்படி ஒரு கிலோவுக்கு, ஒரு சதவீதத்துக்கு 4 மில்லி வீதம் முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லி திரவம் தேவை. அதில் பாதி, அதாவது 4,800 மில்லி, காயம் பட்ட நேரத்திலிருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும். மணிக்கு 600 மில்லி. பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் சாதாரணச் சொட்டு முறையிலேயே ஓடும். குழந்தைகளுக்கும், இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கும், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகளுக்கும் பம்ப் வேண்டும். நம் நோயாளிக்கும் பம்ப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் திரையில் 600 என்று இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. அலாரம் எதுவும் இல்லை. எந்தப் பதிவேட்டில் பார்த்தாலும் அது நல்ல நிலையில் உள்ள இயந்திரம்.

குழாயை நசுக்கி நசுக்கித் திரவத்தைத் தள்ளும் வகைப் பம்புகள் ஒரு குறிப்பிட்ட ஐ.வி. செட்டின் குழாய் விட்டத்துக்கும் நெகிழ்வுக்கும் ஏற்றபடி அளவு திருத்தப்பட்டவை. கொள்முதலில் வேறு கம்பெனி செட் வந்துவிட்டது, பம்பின் மெனுவில் யாரும் அதை மாற்றவில்லை என்றால், திரையில் 600 காட்டியபடியே வேறோர் அளவு போகும். இதைக் கண்டுபிடிக்க லட்ச ரூபாய் அனலைசர் தேவையில்லை. ஒரு மின்னணுத் தராசு, ஒரு பாத்திரம், ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். மணிக்கு 600 என்று வைத்து 10 நிமிடம் ஓட்டினால் 100 மில்லி, ஏறக்குறைய 100 கிராம், விழ வேண்டும். இத்தகைய பம்புகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் துல்லியம் 5 சதவீதம் கூடக் குறைய. 95 முதல் 105 வரை விழுந்தால் சரி. 82 விழுந்தால், அந்த 8 மணி நேரத்தில் நோயாளிக்கு 864 மில்லி குறைந்திருக்கும். சிறுநீர் அளவைப் பார்த்து டாக்டர் திரவத்தைக் கூட்டிக்கொள்வார் என்பது உண்மைதான். ஆனால் பம்ப் பொய் சொல்கிறது என்பது தெரியாமல், நோயாளியின் உடல்தான் ஒத்துழைக்கவில்லை என்று அவர் முடிவு செய்யவும் இடமிருக்கிறது.

இங்கே டெக்னீஷியனிடம் எதிர்பார்ப்பது பழுது நீக்குவது அல்ல. பம்பில் பழுதே இல்லை. செட்டைப் பார்த்து, மெனுவைப் பார்த்து, தராசில் அளந்து, நர்சிடம் சொல்லி, கொள்முதல் பிரிவுக்கு ஒரு குறிப்பு எழுதுவதுதான் அவர் திறமை. நம்முடைய எந்தத் தேர்வு இதைச் சோதிக்கிறது?

இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது ஐ.டி.ஐ.யில் மருத்துவ மின்னணுவியல் டெக்னீஷியன் என்ற இரண்டாண்டுப் பயிற்சி. இரண்டாவது டிப்ளமோ அல்லது பயோமெடிக்கல் பொறியியல் பட்டம். மூன்றாவது, எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்து, மூத்தவரின் பையைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக அலைந்து கற்பது. மூன்றிலும் நன்மை இருக்கிறது. ஐ.டி.ஐ. கைக்குச் சால்டரிங் அயர்ன் கொடுக்கிறது. செய்முறையில் 60 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி என்றும் எழுத்துத் தேர்வில் 33 போதும் என்றும் அங்கே வைத்திருக்கும் விதி எனக்குப் பிடித்த விதி. கைவேலைக்கு எடை கூட என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் தேர்வுகள் நம் நாட்டில் அதிகமில்லை. பட்டப்படிப்பு உடலியங்கியலையும் சிக்னல் பற்றிய அறிவையும் தருகிறது. மூத்தவரின் பின்னால் அலைவது, எந்த வார்டில் எந்த பிளக் பாயின்ட்டில் எர்த் சரியில்லை என்பதைக் கூடச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

குறைகளும் அங்கங்கேயே இருக்கின்றன. ஐ.டி.ஐ. மாணவர் பழகும் இயந்திரமும் வார்டில் நிற்கும் இயந்திரமும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையாக இருப்பது அரிது. பட்டதாரி ஆட்டோகிளேவின் கேஸ்கட்டைக் கழற்றாமலேயே பட்டம் வாங்கிவிட முடியும். மூத்தவரிடம் கற்பவர் மூத்தவரின் தவறுகளையும் சேர்த்தே கற்கிறார். அவற்றைத் தவறு என்று சொல்ல மூன்றாவது ஆள் அங்கே இல்லை.

வேலையில் சேர்ந்த பின் வருவது கம்பெனிப் பயிற்சி. புது இயந்திரம் வந்து இறங்கியதும் கம்பெனி இன்ஜினியர் வந்து ஓட்டிக் காட்டுவார். இரண்டு மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள். வருகைத் தாளில் எல்லோரும் கையெழுத்திடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அந்த மாடலைப் பற்றி உலகில் அதிகம் தெரிந்தவர் சொல்லித் தருகிறார் என்பது இதன் பலம், அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அவர் எதைச் சொல்லித் தரக் கூடாது என்பதையும் கம்பெனி முடிவு செய்கிறது. சர்வீஸ் மெனுவின் பாஸ்வேர்டும் சர்வீஸ் மேனுவலும் பெரும்பாலும் கைமாறுவதில்லை. வாரன்டி முடிந்து சி.எம்.சி. என்ற முழுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஓடும் வரை மருத்துவமனை ஊழியர் மூடியைத் திறக்கவே கூடாது. ஒப்பந்தம் தீர்ந்த மறுநாள் எல்லாம் அவர் தலையில் விழுகிறது. அன்றைக்கு அவர் கையில் இருப்பது அந்தப் பழைய வருகைத் தாள் மட்டும்தான்.

இந்த வகைச் சான்றிதழின் எல்லை சிவகாசிக்காரர்களுக்குப் புதிதல்ல. பட்டாசு ஆலைகளில் போர்மேனுக்கும் சூப்பர்வைசருக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருவது இங்கே நெடுநாளைய வழக்கம். பயிற்சி பெற்றவர் அதே வெயிலில், அதே அவசர ஆர்டரில், கலவை அறையில் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்காத சான்றிதழ் விபத்தை நிறுத்தவில்லை. மருத்துவமனையிலும் அதேதான்.

மதிப்பீட்டின் அடுத்த அடுக்கு இயந்திரத்தை வைத்து ஆளை அளப்பது. 2015இல் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் மருத்துவக் கருவிகள் பராமரிப்பு, மேலாண்மைத் திட்டம் தொடங்கியபோது நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். 29 மாநிலங்களில் 7,56,750 கருவிகள், மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். மாநிலத்தைப் பொறுத்து 13 முதல் 34 சதவீதம் வரை செயலிழந்து கிடந்தன. அதன் பிறகு இலக்கு நிர்ணயித்தார்கள்: மாவட்ட மருத்துவமனைகளில் 95 சதவீத நேரம் கருவி ஓடும் நிலையில் இருக்க வேண்டும், சமுதாய நலவாழ்வு மையங்களில் 90, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 80. பல மாநிலங்கள் இந்த வேலையைத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுத்தன. தமிழ்நாட்டுக்கு 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம் ஏற்கெனவே இருந்தது. கொள்முதலையும் பராமரிப்பையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, மாவட்ட அளவில் சொந்தப் பொறியாளர்களைக் கொண்டு பார்க்கும் வழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. இது தமிழ்நாட்டின் உண்மையான பலம். எந்த இயந்திரம் எங்கே இருக்கிறது, எப்போது பழுதானது என்பதை ஒரே இடத்தில் பார்க்க முடிகிற அமைப்பில்தான் பயிற்சியையும் சீர்திருத்த முடியும்.

ஓடும் நேரத்தை அளப்பது நல்ல அளவுகோல் என்றே நினைக்கிறேன். மூலையில் துணி போர்த்திக் கிடந்த இயந்திரங்களுக்கு அது உயிர் கொடுத்தது. 80 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 73 நாள் வரை கிடக்கலாம் என்று பொருள், ஆலங்குளம் போன்ற சிற்றூர்களில் உள்ளவர்களுக்கு அது பெரிய சலுகை அல்ல என்பது வேறு விஷயம். இதில் என் மறுப்பு வேறு. இந்த அளவுகோல் டெக்னீஷியனுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம், எப்படியாவது திரும்ப ஓட வை என்பது. சந்தேகமுள்ள இயந்திரத்தை வார்டிலிருந்து வெளியே இழுத்து, நாளை வரை தராதே என்று சொல்லும் டெக்னீஷியனால் மருத்துவமனையின் சதவீதம் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு திருப்பிக் கொடுப்பவரால் ஏறும். நோயாளிக்கு நல்லது செய்தவர் அறிக்கையில் மோசமானவராகத் தெரிவார்.

உலக அளவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்விலும் இதே இடைவெளி இருக்கிறது. ராபர்ட் மால்கினும் அலிசன் கீனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் வந்த 2,849 பழுது நீக்கக் கோரிக்கைகளை அலசியது. வெறும் 107 அடிப்படைத் திறன்கள் தெரிந்தால், செயலிழந்த கருவிகளில் மூன்றில் இரண்டு பங்கை மீண்டும் ஓட வைக்கலாம் என்பது அதன் முடிவு. மின்சப்ளை, மோட்டார், குழாய் அடைப்பு, பயன்படுத்துவோரின் தவறு போன்ற எளிய காரணங்கள்தான் அதிகம். இந்த முடிவு எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. பாடத்திட்டத்தை வானளாவ வளர்க்காமல், எது அடிக்கடி வருகிறதோ அதிலிருந்து தொடங்கலாம் என்று அது சொல்கிறது. ஆனால் அதன் கணக்கும் மீண்டும் சேவைக்கு வந்தது என்பதோடு முடிகிறது. ஃப்யூஸ் மாற்றிய டிஃபிப்ரிலேட்டர் இயங்கும். 200 ஜூல் என்று வைத்தால் 200க்கு 15 சதவீதத்துக்குள் வெளியே வருகிறதா என்பது இன்னொரு கேள்வி. பழுது நீக்கிய பின் செய்ய வேண்டிய சோதனைகளுக்கென்றே ஐ.இ.சி. 62353 என்று சர்வதேசத் தரம் இருக்கிறது. எர்த் கம்பியின் மின்தடை, கசிவு மின்சாரம், இயக்கச் சோதனை, பதிவு என்று வரிசை வைத்து அது சொல்கிறது. மூடியைத் திருகி முடித்ததோடு வேலை முடிந்தது என்று கருதும் பழக்கத்துக்கு அதில் இடமில்லை.

அளந்து சொல்ல ஆள் இல்லாதபோது எவ்வளவு குழப்பம் உண்டாகும் என்பதை 2021 மே மாதம் பஞ்சாபின் ஃபரீத்கோட்டில் பார்த்தோம். கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், பி.எம். கேர்ஸ் நிதியில் வந்த வெண்டிலேட்டர்களில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை என்று அங்குள்ள மருத்துவக் கல்லூரி சொன்னது. மருத்துவமனையின் ஆக்சிஜன் குழாயில் தேவையான அழுத்தம் இல்லை, ஃப்ளோ சென்சரையும் பாக்டீரியா ஃபில்டரையும் முறைப்படி மாற்றவில்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. குழாய் அழுத்தத்தை அளந்து, சென்சரை மாற்றி, மறு அளவு திருத்தம் செய்து, இன்ன எண் வந்தது என்று கையெழுத்திட்டுச் சொல்லும் தகுதி பெற்றவர், இரு தரப்பும் ஏற்கிற ஒருவர், அங்கே இருந்திருந்தால் வாதம் ஒரு நாளில் தீர்ந்திருக்கும்.

பயோமெடிக்கல் டெக்னீஷியன்களுக்கு அமெரிக்காவில் நடக்கும் சிபெட் என்ற சான்றிதழ்த் தேர்வை இங்கே பலர் உதாரணமாகக் காட்டுகிறார்கள். 165 கொள்குறி வினாக்கள், மூன்று மணி நேரம். உடற்கூறு, மின்னணுவியல், பாதுகாப்பு, பழுது கண்டறிதல் என்று பரந்த பாடத்திட்டம். எழுதுவதற்கு முன்பே வேலை அனுபவம் கேட்கிறார்கள். மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பிக்கச் சொல்கிறார்கள். இந்த இரண்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை. கொள்குறி வினா மட்டும் நமக்குப் போதாது. அங்கே பின்னணியில் பல காவல்கள் இருக்கின்றன: அனலைசர்கள், தணிக்கை, வழக்கு பயம். விருதுநகர் மாவட்டத்து மருத்துவமனையில் அந்தப் பின்னணி மெல்லியது. இங்கே அந்த ஒரு ஆளின் கையும் கண்ணும்தான் காவல்.

மருத்துவக் கல்வி இதே சிக்கலை முன்பே சந்தித்திருக்கிறது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்டு ஹார்டன், மாணவரை நிலையம் நிலையமாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்ய வைத்துப் பார்க்கும் தேர்வு முறையை எழுதி வெளியிட்டார். 1990இல் ஜார்ஜ் மில்லர், தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், அன்றாடம் செய்கிறார் என்று திறமையை நான்கு படியாகப் பிரித்தார். இன்று நம் மருத்துவ மாணவர்கள் பலர் இப்படியும் தேர்வு எழுதுகிறார்கள். அந்த மருத்துவரின் கையில் கொடுக்கப்படும் இயந்திரத்தைச் சரிபார்ப்பவரை மட்டும் முதல் படியிலேயே சோதித்து விட்டுவிடுகிறோம்.

டெக்னீஷியனுக்கு அப்படி ஒரு தேர்வு வைத்தால் எப்படி இருக்கும்? ஒரு மேஜையில் இன்ஃப்யூஷன் பம்ப், வேறு கம்பெனி செட், ஒரு தராசு. இன்னொன்றில், மின்சாரத்தால் சதையை வெட்டும் காட்டரி இயந்திரம். நோயாளியின் தொடையில் ஒட்டும் தகட்டின் வயர் உள்ளே பாதி அறுந்து, அசைத்தால் மட்டும் தொடர்பு விடுகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் அறுவை மேஜையிலேயே நோயாளிக்குப் புதுத் தீக்காயம் உண்டாகும். மூன்றாவதில் ஆட்டோகிளேவ். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தீக்காய வார்டில் நோயாளியைக் கடைசியில் கொல்வது பெரும்பாலும் கிருமித்தொற்று. அழுத்தமானி 15 பவுண்டு காட்டுகிறது. சுத்தமான நீராவியாக இருந்தால் உள்ளே 121 டிகிரி இருக்கும். காற்று முழுதாக வெளியேறாமல் நீராவியோடு கலந்து நின்றால், அதே 15 பவுண்டில் வெப்பம் அதைவிடக் குறைவாக இருக்கும். அழுத்தமானியை மட்டும் பார்ப்பவர் ஓ.கே. போட்டுவிடுவார். வெப்பமானியையும் சேர்த்துப் பார்ப்பவர், இன்டிகேட்டர் பட்டையின் நிறத்தைப் பார்ப்பவர், காற்று வெளியேறும் வால்வைச் சந்தேகிப்பார். அந்தச் சந்தேகம் யாருக்கு வருகிறது என்பதுதான் தேர்வு.

நான்காவது மேஜையில் பல்ஸ் ஆக்சிமீட்டர், அதன் அருகே நர்சாக நடிக்கும் ஒருவர். "சார், நோயாளி மூச்சு வாங்குறார், மெஷின் 98 காட்டுது, மெஷின் ரிப்பேரா பாருங்க." டெக்னீஷியன் தன் விரலில் மாட்டிப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. மெஷின் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிப் போனால் பாதி மதிப்பெண். மூடிய அறையில் புகை சுவாசித்தவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். இரண்டு அலைநீள ஒளியை மட்டும் பயன்படுத்தும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு அதை ஆக்சிஜனிலிருந்து பிரித்தறியத் தெரியாது. எண் உயர்ந்தே நிற்கும். நோயைக் கண்டறிவது டெக்னீஷியனின் வேலை அல்ல. ஆனால், "சிஸ்டர், புகையில இருந்து வந்தவங்களுக்கு இந்த நம்பரை நம்பக் கூடாது, டாக்டர்கிட்ட இப்பவே சொல்லுங்க" என்ற ஒரு வரியைச் சொல்வது அவர் வேலைதான். பட்டாசு வட்டாரத்தில் வேலை செய்பவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். தேசிய அளவில் ஒரே அச்சாக வார்த்த பாடத்திட்டத்தில் இப்படிப்பட்ட வட்டாரத் தேவை இடம்பெறாது. மாவட்டம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது மேஜையில் இயந்திரமே இருக்காது. ஒரு கம்பெனி இன்ஜினியர் எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட் இருக்கும். 'பி.எம். முடிந்தது, செக்டு ஓ.கே.' என்று, அதாவது வருமுன் பராமரிப்பு முடிந்தது என்று, எழுதியிருக்கும். அளந்த எண் ஒன்று கூட இருக்காது. கீழே மருத்துவமனைத் தரப்புக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கும். கையெழுத்திடுகிறாரா, எண்களைக் கேட்கிறாரா? என்னைக் கேட்டால் எல்லா மேஜைகளிலும் முக்கியமானது இதுதான். ஒப்பந்தப் பணம் இந்தத் தாளின் பேரில்தான் போகிறது, கேலிபரேஷன் ஸ்டிக்கர் இந்தத் தாளின் பேரில்தான் ஒட்டப்படுகிறது. வயதில் மூத்த, கோட்டு போட்ட, அவசரத்தில் இருக்கும் ஒருவரிடம், ரீடிங் எழுதிக் கொடுங்க சார் என்று கேட்கப் படிப்பு மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும்.

இந்த முறையிலும் குறைகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. முதலாவது செலவு. பம்புக்குத் தராசு போதும். டிஃபிப்ரிலேட்டருக்கும் கசிவு மின்சாரத்துக்கும் அனலைசர்தான் வேண்டும், அவை விலை கூடியவை, அவற்றுக்கே ஆண்டுதோறும் அளவு திருத்தம் வேண்டும். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனைக்கும் ஒன்று என்பது நடக்காது. மாவட்டத்துக்கு ஒரு செட், அதைச் சுற்றுக்கு விடுவது சாத்தியம்.

இரண்டாவது, தேர்வுக்காகவே பயிற்சி கொடுக்கும் ஆபத்து. ஐந்து மேஜை என்று தெரிந்ததும் அந்த ஐந்துக்கும் குறிப்பு எழுதி மனப்பாடம் செய்வார்கள். நீட் முதல் ஓட்டுநர் உரிமம் வரை நாம் பார்க்காததா? கோளாறுகளை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும், அவற்றை மாவட்டத்தின் உண்மையான பழுதுப் பதிவேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். மருத்துவப் பணிகள் கழகத்தின் ஒருங்கிணைந்த பதிவு இதற்காகவே பயன்படும்.

மூன்றாவது, யார் மதிப்பிடுவது? தன் சீடனைத் தானே மதிப்பிடும் மூத்தவர் தாராளமாக இருப்பார், அல்லது பழைய மனஸ்தாபத்தைத் தீர்ப்பார். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவர், வார்டிலிருந்து ஒரு மூத்த நர்ஸ் என்று இருவர் அமர்ந்தால் ஓரளவு சமன் ஆகும். நர்சைச் சேர்ப்பது மரியாதைக்காக அல்ல. நள்ளிரவில் அந்த இயந்திரத்தோடு தனியாக இருப்பவர் அவர். டெக்னீஷியன் சொல்லும் விளக்கம் புரிகிறதா என்று அவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு ஒரு முன்மாதிரி காட்டுகிறது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அந்த நிறுவனம், கண் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கத் தனிப் பயிற்சி வகுப்பையே நடத்துகிறது. வெளிநாடுகளிலிருந்தும் வந்து கற்கிறார்கள். அங்கே கருவி வகைகள் குறைவு, ஒவ்வொன்றையும் தொடும் வாய்ப்பு அதிகம். லென்சில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது என்பதைக் கையால் செய்து பார்த்த பிறகே மாணவர் வெளியே போகிறார். பொது மருத்துவமனையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கருவிகள் என்பதால் இதை அப்படியே பெயர்க்க முடியாது. ஆனால் அதன் உள்ளிருக்கும் யோசனையைப் பெயர்க்கலாம்: எல்லாவற்றுக்கும் ஒரே சான்றிதழ் தராமல், கருவி வாரியாக அனுமதி தருவது. இவர் பம்பையும் மானிட்டரையும் திறந்து சரிபார்த்துத் திருப்பித் தரலாம். வெண்டிலேட்டரைப் பரிசோதிக்கலாம், திறக்கக் கூடாது. டயாலிசிஸ் இயந்திரத்துக்கு மேலே சொல்ல வேண்டும். இப்படி எழுதிய அட்டை ஒருவரின் கழுத்தில் தொங்கினால் அவருக்கும் பாதுகாப்பு, வார்டுக்கும் தெளிவு. ஒவ்வொரு அனுமதிக்கும் காலாவதித் தேதி இருக்க வேண்டும். ஓராண்டாக அந்த வகைக் கருவியைத் தொடவே இல்லை என்றால் தானாகவே மறுசோதனை.

சட்டமும் இப்போது இடம் கொடுக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் பயோமெடிக்கல் பொறியாளரையும் மருத்துவக் கருவித் தொழில்நுட்பரையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. துணைத் தொழில்முறையாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு என்று வரையறுக்கிறது. பதிவேடு வந்தால் தொழிலுக்கு ஒரு முகவரி கிடைக்கும், நல்லது. ஆனால் மணிக்கணக்கு என்பது மறுபடியும் வருகைத் தாள்தான். அந்த 2,000 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் கருவியின் முன் கழிந்தது, எத்தனை கருவிகளை இவர் அளந்து எழுதினார் என்று அந்தச் சட்டத்தின்படி அமையும் மாநில மன்றம் கேட்காவிட்டால் பழைய கதையே தொடரும்.

விருதுநகரில் இதற்கான இடம் இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்குச் செலவிடும் அக்கறையில் சிறு பங்கை ஓர் அறைக்குத் திருப்பினால் போதும். கழித்துக்கட்ட வேண்டிய பழைய பம்புகளையும் மானிட்டர்களையும் ஏலத்துக்கு அனுப்பும் முன் அங்கே கொண்டுவந்து, வேண்டுமென்றே கோளாறு வைத்துப் பயிற்சிக்கு விடலாம். ஐ.டி.ஐ. மாணவர்களும் பொறியியல் கல்லூரி மாணவர்களும் வேலையில் இருப்பவர்களும் அதே அறைக்கு வரலாம். ஆண்டின் முதல் சுற்று கோடை தொடங்கும் முன், இரண்டாவது சுற்று தீபாவளி உற்பத்தி சூடு பிடிக்கும் முன் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டாரத்தில் விபத்து அச்சம் கூடும் பருவங்கள் அவை.

ஒரே ஒரு நிபந்தனையில் நான் பிடிவாதமாக இருப்பேன். தேர்வில் தோற்றவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று வைத்தால் இந்த ஏற்பாடு முதல் ஆண்டிலேயே செத்துவிடும். இந்தத் தொழிலில் பலர் குறைந்த சம்பள ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். வேலை போகும் என்றால் கேள்விகள் முன்கூட்டியே கசியும், மதிப்பீட்டாளர் இரக்கப்பட்டுத் தேர்ச்சி போடுவார், தெரியாததைத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிஃபிப்ரிலேட்டர் மேஜையில் தோற்றவருக்கு டிஃபிப்ரிலேட்டர் அனுமதியை மட்டும் நிறுத்திவைத்து, மூன்று மாதத்தில் சம்பளத்தோடு மறுபயிற்சி கொடுத்து, மீண்டும் அதே மேஜைக்கு அழைக்க வேண்டும். அந்த மூன்று மாதம் அந்த மருத்துவமனையின் டிஃபிப்ரிலேட்டர்களை யார் பார்ப்பது என்பதையும் மாவட்டப் பொறியாளர் அன்றே எழுத்தில் ஒதுக்கித் தர வேண்டும்.